அமாவாசைக் கூட்டத்தில் ஐபி முகவரி கிடைப்பதில்லை: யாத்ரிகர் விடுதிக்குத் தனி டிஎச்சிபி சர்வர் அமைப்பது எப்படி?

கேள்வி: சேதுக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். ராமேசுவரத்தில் கோயில் ரத வீதிக்கு அருகிலுள்ள ஒரு யாத்ரிகர் விடுதியின் கணினி, கேமரா, வைஃபை ஆகியவற்றைப் பராமரித்து வருகிறேன். மூன்று மாடிகள், 52 அறைகள், தரைத்தளத்தில் பொது மண்டபம், தெருவை ஒட்டி வாடகைக்கு விடப்பட்ட சில கடைகள் என்பது விடுதியின் அமைப்பு. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடமே ரவுட்டராகவும், கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சர்வராகவும் இயங்குகிறது. அதன் முகவரி 192.168.1.1, 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை அது பங்கிட்டுத் தருகிறது. ஒரு முகவரி ஒரு கருவிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் லீஸ் காலம் 24 மணி நேரம். மோடத்திலிருந்து 24 போர்ட் கொண்ட, அமைப்புகளை மாற்றக்கூடிய ஒரு மேனேஜ்டு சுவிட்சுக்குக் கேபிள் செல்கிறது. அங்கிருந்து மாடிகளிலுள்ள ஆக்சஸ் பாயிண்டுகளுக்கும், 14 கேமராக்களுக்கும், அவற்றின் படப்பதிவுக் கருவியான என்விஆருக்கும், வரவேற்பறையிலுள்ள இரண்டு பில்லிங் கணினிகளுக்கும், பில் பிரிண்டருக்கும், கடைகளுக்கும் இணைப்புகள் பிரிகின்றன. கேமராக்களுக்கும் பிரிண்டருக்கும் நிறுவியவர்கள் 192.168.1.100 தொடங்கிக் கையால் முகவரி இட்டிருக்கிறார்கள். மாடிக்கு ஒரு வைஃபை பெயர். கடவுச்சொல் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

சாதாரண நாட்களில் குறை ஒன்றும் இல்லை. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களையொட்டி விடுதி நிரம்பும்போது, மாலை ஆனதும் வைஃபை தடுமாறத் தொடங்குகிறது. கைபேசி வைஃபையில் சேர்கிறது, கடவுச்சொல்லை ஏற்கிறது, பிறகு ஐபி முகவரி பெறப்படுகிறது என்ற நிலையிலேயே நின்று துண்டிக்கப்படுகிறது. மோடத்தை அணைத்துப் போட்டால் சற்று நேரத்துக்குச் சரியாகிறது. ஆனால் அதன்பின் பில்லிங் கணினியில் முகவரி மோதல் என்ற எச்சரிக்கை வருகிறது, பிரிண்டரும் அச்சிட மறுக்கிறது. அறையைக் காலி செய்யும் வரிசை நிற்கும் வேளையில் பில் வராவிட்டால் வரவேற்பறையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டெபியன் நிறுவிய பழைய டெஸ்க்டாப் ஒன்று கைவசம் இருக்கிறது. அதைத் தனி டிஎச்சிபி சர்வராக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது, எத்தனை முகவரிகள் ஒதுக்குவது, லீஸ் காலம் எவ்வளவு வைப்பது, அந்தச் சர்வர் நின்றுவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன ஆகியவற்றைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் அனைத்தும் ஐஎஸ்சி டிஎச்சிபி என்ற மென்பொருளையே சொல்கின்றன.


பதில்: கீழக்கரை வலையகம்

வணக்கம் நண்பரே. சர்வர் எது என்பதைவிடக் கணக்கு எது என்பதே உங்கள் சிக்கலின் வேர் என்று கருதுகிறேன். கணக்கைச் சரிசெய்யாமல் டெஸ்க்டாப்பை வைத்தால், அடுத்த அமாவாசையில் மோடத்துக்குப் பதிலாக டெஸ்க்டாப் திணறும்.

கைபேசி ஒன்று வைஃபையில் சேர்ந்ததும் முகவரி வேண்டும் என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி ஒரு டிஸ்கவர் செய்தியை அனுப்புகிறது. சர்வர் ஒரு முகவரியை ஆஃபராக முன்வைக்க, கைபேசி அதையே ரிக்வெஸ்ட் மூலம் கேட்க, சர்வர் ஏசிகே அனுப்பி உறுதிசெய்கிறது. சர்வர் யுடிபி 67ஆம் போர்ட்டிலும் கைபேசி 68ஆம் போர்ட்டிலும் பேசுகின்றன. முகவரி நிரந்தரமாகத் தரப்படுவதில்லை; லீஸ் காலத்துக்கு மட்டும் தரப்படுகிறது. அக்காலத்தில் பாதி கடந்ததும் கைபேசி அதே சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையென்றால் 87.5 விழுக்காடு காலம் ஆனதும் எந்தச் சர்வராக இருந்தாலும் சரி என்று பொதுவாகக் கேட்கும்.

கவனிக்க வேண்டியது, விடுதியை விட்டுக் கிளம்பும் கைபேசி பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறது என்பதே. முகவரியைத் திருப்பித் தரும் ரிலீஸ் செய்தி நெறிமுறையில் உண்டு. ஆனால் வைஃபை எல்லையைத் தாண்டிப் போகும் கைபேசி அதை அனுப்புவது அரிது. அறையைக் காலி செய்தவர் சாவியோடு பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட்டார், ஏட்டிலோ நாளை மாலை வரை அறை அவர் பெயரில்தான் இருக்கிறது என்றால் புதிதாக வந்து நிற்பவருக்கு அறை கொடுக்க முடியாதல்லவா, அதே நிலைதான் இங்கும்.

எனவே ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று எண்ணுவது தவறான அளவுகோல். ஒரு லீஸ் காலத்துக்குள் எத்தனை வெவ்வேறு கருவிகள் வந்து தொட்டுவிட்டுப் போகின்றன என்பதையே எண்ண வேண்டும். அறைக்கு 4 கைபேசி என்று வைத்தாலும் 52 அறைகளுக்கு 208. இரவில் வந்து, விடியலில் அக்னி தீர்த்தத்தில் நீராடி, 22 தீர்த்தங்களும் ஆடி, தரிசனம் முடித்து நண்பகலில் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடும் குழுவின் 208 முகவரிகள் அன்று மாலை வரைகூட விடுபடுவதில்லை. மாலையில் அடுத்த குழுவின் 208 வந்து சேர்கின்றன. மண்டபத்தில் தங்குபவர்களைச் சேர்க்காமலேயே 416 ஆகிவிட்டது. உங்களிடம் இருப்பதோ 253.

இத்துடன் மாடிக்கு ஒரு வைஃபை பெயர் என்பது இன்னொரு வில்லங்கம். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் கைபேசிகள் வலையில் தம் அடையாள எண்ணான உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனிப் பொய் மேக் முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. முதல் மாடியில் தங்கி, மண்டபத்தில் உட்கார்ந்து, மூன்றாம் மாடி உறவினரைப் பார்த்து வரும் ஒருவரின் ஒரே கைபேசி, சர்வரின் கண்ணுக்கு மூன்று கருவிகள். மூன்று முகவரிகள் போகும். மாடி எத்தனை இருந்தாலும் விருந்தினருக்கு ஒரே பெயரை எல்லா ஆக்சஸ் பாயிண்டுகளிலும் வையுங்கள்.

மோடத்தை அணைத்துப் போட்டதும் மோதல் வருவதற்கும் இதே கதைதான். வீட்டு உபயோக மோடங்கள் பல, யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கின்றன. மின்சாரம் போய் வந்ததும் பட்டியல் வெறுமையாகிவிடுவதால், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தும் முகவரியையே இன்னொருவருக்குத் தர வாய்ப்பு ஏற்படுகிறது. போதாக்குறைக்குக் கேமராக்களும் பிரிண்டரும் கையால் இட்ட முகவரிகளோடு அதே எல்லைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அவை சர்வரிடம் எதையும் கேட்டுப் பெறாததால், அவை இருப்பதே சர்வருக்குத் தெரியாது.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது. சுவிட்ச் மேனேஜ்டு என்பதால் ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலைகளாக இயங்கும் மூன்று விலான்களாகப் பிரியுங்கள். அலுவலகத்துக்கு 10.40.10.0/24, கேமராக்களுக்கு 10.40.20.0/24, விருந்தினருக்கு 10.40.0.0/23 (/23 வலை /24 வலையைப் போல இருமடங்கு பெரியது). விருந்தினர் வலையில் வெளியே செல்லும் வாசலான கேட்வே 10.40.0.1, பங்கிட்டுத் தரும் முகவரித் தொகுப்பான பூல் 10.40.0.10 முதல் 10.40.1.250 வரை என்று வைத்தால் 497 முகவரிகள் கிடைக்கும். /23 அமைப்பில் 10.40.0.255, 10.40.1.0 ஆகிய இரண்டும் முறையான முகவரிகளே என்றாலும் சில பழைய கருவிகள் அவற்றைக் கண்டு மிரளும்; விருப்பப்பட்டால் விலக்கிவிடலாம். விருந்தினருக்கு லீஸ் காலம் 2 மணி நேரம் போதும். நண்பகலில் கிளம்பியவர்களின் முகவரிகள் மாலைக் கூட்டம் வருவதற்குள் தாமாகத் திரும்பிவிடும். குறுகிய லீஸ் சர்வருக்குச் சுமை என்று பலர் அஞ்சுகிறார்கள். 500 கருவிகள் மணிக்கு ஒருமுறை புதுப்பித்தாலும் 7 விநாடிக்கு ஒரு கோரிக்கைதான் வரும். எந்தக் கணினிக்கும் அது வேலையே இல்லை.

கேமராக்களுக்கும் பிரிண்டருக்கும் கையால் முகவரி இடுவதை நிறுத்திவிட்டு, அவற்றின் மேக் முகவரியைச் சர்வரில் பதிந்து, பூலுக்கு வெளியே ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள். முடிவில்லா லீஸ் என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டாம். பின்னாளில் கேட்வேயையோ, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியையோ மாற்றினால் அந்தக் கருவிகள் மறுபடி இயக்கப்படும் வரை புதிய விவரத்தைக் கேட்கவே மாட்டா.

மென்பொருளைப் பொறுத்தவரை, ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வரின் பராமரிப்பை அதன் உருவாக்குநர்களே 2022 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். அதன் வாரிசாக அவர்கள் முன்வைப்பது கீயா. பல கட்டடங்கள் கொண்ட கல்லூரிக்குக் கீயா ஏற்றது. உங்கள் அளவுக்கு டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய மென்பொருள் போதும். அதன் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு விலானுக்கும் ஒரு ரேஞ்ச் வரி எழுத வேண்டும். தொடக்க முகவரி, இறுதி முகவரி, வலையின் அளவைக் குறிக்கும் நெட்மாஸ்க், லீஸ் காலம் ஆகியவை அந்த வரிசையில் காற்புள்ளியிட்டு வரும். அதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. கேட்வே எது என்று சொல்லாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் தான் இயங்கும் கணினியையே கேட்வேயாகவும் டிஎன்எஸ் சர்வராகவும் கைபேசிகளுக்கு அறிவித்துவிடும். கேட்வே வேறு கருவி என்றால் 3ஆம் ஆப்ஷனில் அதன் முகவரியையும், தேவைப்பட்டால் 6ஆம் ஆப்ஷனில் டிஎன்எஸ் முகவரியையும் வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையேல் முகவரி கிடைக்கும், இணையம் கிடைக்காது. இரண்டாவது, வலையில் இது ஒன்றே டிஎச்சிபி சர்வர் என்றால் அத்தாரிட்டேட்டிவ் என்ற அமைப்பை இயக்குங்கள். லீஸ் பட்டியல் அழிந்துபோனாலும், புதுப்பிக்க வரும் கருவிகளைக் கொண்டே அது பட்டியலைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். கோப்பைத் திருத்தியபின் டெஸ்ட் கட்டளையை ஓட்டிப் பிழையில்லை என்று பார்த்துவிட்டே சர்வீசை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. நெட்மாஸ்க்கைச் சர்வரில் /23 ஆக்கிவிட்டு ரவுட்டரில் /24 என்றே விட்டுவைத்தால், பாதி விருந்தினருக்கு இணையம் வரும், பாதிப் பேருக்கு வராது. இரண்டு இடங்களிலும் ஒன்றாக மாற்றுங்கள்.


சேதுக்கரையான்

மிக்க நன்றி ஐயா. நேற்று மாலை ஒரு பெரிய குழு தங்கியிருந்தபோது மோடத்தின் லீஸ் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பட்டியல் முழுமையாக நிரம்பியிருந்தது. கருவியின் பெயர் ஒன்றாகவே இருந்து, மேக் முகவரி மட்டும் மாறி இரண்டு மூன்று முறை வந்த வரிகள் பல. அவற்றில் மேக் முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாகவே இருந்தது. நீங்கள் சொன்ன பொய் மேக் முகவரியின் அடையாளம் இதுதானா?

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபியை அணைக்கும் வசதி எனக்குத் திறக்கப்படவில்லை. இணைய நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. மோடம் தன் முகவரிகளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் நிலையில் டெஸ்க்டாப்பையும் சர்வராக்கினால் இரண்டும் மோதாதா? மூன்று விலான்களுக்கும் ஒரே சர்வர் எப்படி முகவரி தரும் என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.


பதில்: தொண்டிக் கடலோரம்

அந்த நான்கு எழுத்துகள்தான் அடையாளம். தொழிற்சாலையில் பதிக்கப்படாமல், கருவி தானே இட்டுக்கொண்ட மேக் முகவரி என்பதைக் காட்டும் பிட் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கீழக்கரை நண்பர் சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது. முகவரி வழங்குவது வலையமைப்பின் மூச்சு போன்ற வேலை. அதற்கு விசிறி சுற்றும், ஹார்ட் டிஸ்க் தேயும், மின்வெட்டில் இன்வெர்ட்டரை வேகமாகக் காலி செய்யும் பழைய கணினியை நம்ப வேண்டியதில்லை. விலானைப் புரிந்துகொள்ளும் ஒரு சிறிய ரவுட்டரை வாங்கி மோடத்துக்கும் சுவிட்சுக்கும் நடுவே வைத்தால், உங்கள் இரண்டு கேள்விகளும் ஒருசேரத் தீர்ந்துவிடும்.

மோடத்திலிருந்து வரும் கேபிள் புதிய ரவுட்டரின் இணையப் பக்கத்து வேன் போர்ட்டில் முடியட்டும். மோடம் தன் பூலிலிருந்து ஒரே ஒரு முகவரியை அந்த ரவுட்டருக்கு மட்டும் தரும். டிஸ்கவர் செய்தி ரவுட்டரைத் தாண்டிப் போகாது என்பதால், உள்ளே இருக்கும் கைபேசிகளின் குரல் மோடத்துக்குக் கேட்காது. மோடத்தின் டிஎச்சிபியை அணைக்க வேண்டிய அவசியமே எழாது. உள்முகவரியை வெளிமுகவரியாக்கும் முகவரி மாற்றம் ரவுட்டர், மோடம் என இரண்டு இடங்களில் நடக்கும் என்ற குறை உண்டு. விருந்தினரின் வழக்கமான பயன்பாட்டுக்கு அதனால் இடையூறு இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து கேமராவைப் பார்க்க மோடத்தில் போர்ட் திறந்து வைத்திருந்தால் அதை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

விலான்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு விலானில் எழும் டிஸ்கவர் அந்த விலானுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே சர்வருக்கு ஒவ்வொரு விலானிலும் ஒரு கால் இருக்க வேண்டும். அல்லது அந்தந்த விலானின் கேட்வே, ரிலே என்ற முறையில் கோரிக்கையை வாங்கிச் சர்வருக்கு அனுப்ப வேண்டும். ரிலே தன் முகவரியைக் கோரிக்கையில் குறித்து அனுப்புவதால், எந்தப் பூலிலிருந்து தர வேண்டும் என்பதைச் சர்வர் அதைக் கொண்டு அறிகிறது. ரவுட்டரே சர்வராகவும் இருந்தால் அதற்கு எல்லா விலான்களிலும் ஏற்கெனவே முகவரி இருப்பதால் ரிலே தேவையில்லை.

நான் பெரும்பாலும் மைக்ரோடிக் ரவுட்டர் வைப்பதால் அதன் வழியைச் சொல்கிறேன்; மற்றவற்றிலும் படிகள் ஏறக்குறைய இவையே. முதலில் மூன்று விலான் இன்டர்ஃபேஸ்களை உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் அதன் கேட்வே முகவரியை மாஸ்க்கோடு கொடுங்கள். இந்தப் படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. பிறகு டிஎச்சிபி சர்வர் பகுதியிலுள்ள செட்டப் பொத்தானை அழுத்தினால், எந்த இன்டர்ஃபேஸ், எந்த வலை, கேட்வே எது, எங்கிருந்து எங்குவரை பூல், டிஎன்எஸ் எது, லீஸ் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்கும். மூன்று விலான்களுக்கும் மூன்று முறை செய்ய வேண்டும். கேமராவுக்கான ஒதுக்கீட்டைத் தனியே தட்டச்சு செய்ய வேண்டாம். கேமரா முதன்முறை முகவரி பெற்றதும் லீஸ் பட்டியலில் அதன் வரியை நிலையானதாக மாற்றி, வேண்டிய முகவரியை எழுதினால் போதும். லீஸ் பட்டியலை இயல்பாகவே 5 நிமிடத்துக்கு ஒருமுறை உள்நினைவகத்தில் அது எழுதி வைக்கும் என்பதால், மின்வெட்டுக்குப் பின் உங்கள் மோடம் போல எல்லாவற்றையும் மறந்துவிடாது.

சுவிட்சில் ரவுட்டர் வரும் போர்ட்டும் ஆக்சஸ் பாயிண்ட் போர்ட்டுகளும் பல விலான்களைச் சுமக்கும் டிரங்க்காகவும், கேமரா, பில்லிங், பிரிண்டர் போர்ட்டுகள் அந்தந்த விலானை மட்டும் சேர்ந்த ஆக்சஸ் போர்ட்டாகவும் இருக்கட்டும். விருந்தினர் விலானிலிருந்து அலுவலகத்துக்கும் கேமராக்களுக்கும் போகும் வழியை ஃபயர்வாலில் அடையுங்கள்; விலான் பிரித்துவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடாது. ரவுட்டரை நோக்கி வரும் யுடிபி 67 (டிஎச்சிபி), 53 (டிஎன்எஸ்) ஆகிய போர்ட்டுகளைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். விருந்தினருக்கு எல்லாவற்றையும் மூடுகிறேன் என்று 53ஐயும் சேர்த்து மூடிவிட்டு, முகவரி கிடைத்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.


பதில்: ஏர்வாடிப் பயணி

மேலே யாரும் தொடாத ஒரு செய்தி கேள்வியிலேயே ஒளிந்திருக்கிறது: வாடகைக் கடைகளுக்கும் அதே சுவிட்சிலிருந்து இணைப்புப் போகிறது.

சந்தனக்கூடு திருவிழாக் காலத்தில் எங்கள் பக்கத்து விடுதி ஒன்றில் இதே போன்ற தொல்லை எழுந்தது. பூலில் முகவரிகள் மிச்சமிருந்தும் சில அறைகளில் மட்டும் இணையம் இல்லை. அந்த அறைகளிலிருந்த கைபேசிகளின் ஐபி விவரத்தைப் பார்த்தபோது, விடுதி 192.168.1 வரிசையில் முகவரி தர, அவற்றில் மட்டும் 192.168.0 வரிசை இருந்தது. தரைத்தளக் கடை ஒன்றில் தங்களுக்கென்று வைஃபை வேண்டும் என்று ஒரு வீட்டு ரவுட்டரை வாங்கி, விடுதியின் கேபிளை அதன் வேன் போர்ட்டில் சொருகாமல் உள்வலைக்கான லேன் போர்ட்டில் சொருகியிருந்தார்கள். அந்த ரவுட்டரும் முகவரி கேட்போர் அனைவருக்கும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. முந்திப் பதில் சொல்பவர் பக்கம் கைபேசி சாய்வதுதான் இந்த நெறிமுறையின் இயல்பு. யார் உண்மையான சர்வர் என்று விசாரிக்கும் ஏற்பாடு அதற்குள் கிடையாது.

கண்டுபிடிப்பது கடினமன்று. தவறான முகவரி பெற்ற மடிக்கணினியில் கேட்வேயின் ஐபியைப் பார்த்து, ஏஆர்பி பட்டியலில் அதற்குரிய மேக் முகவரியை எடுத்து, சுவிட்சின் மேக் பட்டியலில் அது எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று தேடினால், அந்தக் கேபிளின் மறுமுனையில் ஆள் அகப்படுவார். டெபியன் கணினி உங்களிடம் இருப்பதால் வலையைச் சோதிக்கும் என்மேப் மென்பொருளில் டிஎச்சிபி டிஸ்கவர் ஸ்கிரிப்டை ஓட்டினால் எத்தனை சர்வர்கள் ஆஃபர் தருகின்றன என்பதும் தெரிந்துவிடும். ஒன்றுக்கு மேல் வந்தால் அழையா விருந்தாளியாக இன்னொரு சர்வர் இருக்கிறது என்று பொருள்.

நிரந்தரத் தடுப்புக்கு, மேனேஜ்டு சுவிட்சுகள் பலவற்றில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி உண்டு. ரவுட்டர் இணைந்துள்ள போர்ட்டை நம்பத்தக்கது என்று குறித்துவிட்டால், வேறு எந்தப் போர்ட்டிலிருந்து ஆஃபரோ ஏசிகேயோ வந்தாலும் சுவிட்சே அதைக் கீழே போட்டுவிடும். செய்யும் வரிசை முக்கியம்: முதலில் ரவுட்டர் போர்ட்டை நம்பத்தக்கதாகக் குறியுங்கள், அதன்பிறகே ஸ்னூப்பிங்கை இயக்குங்கள். மாற்றிச் செய்தால் உண்மையான சர்வரின் பதிலும் தடுக்கப்பட்டு, விடுதி முழுவதும் ஒருவருக்கும் முகவரி கிடைக்காமல் போகும். கடைகளுக்கு நான்காவதாக ஒரு விலான் ஒதுக்கிவிடுவது நல்லது. அவர்கள் எதை எங்கே சொருகினாலும் தொல்லை அவர்களோடு நிற்கும்.


பதில்: உப்புக்காற்று

சிறிய குறிப்பு ஒன்று. நம் கரையோரத்தில் எல்லா டிஎச்சிபிக் கோளாறும் டிஎச்சிபிக் கோளாறு அன்று. மொட்டைமாடியில் கடலைப் பார்த்து நிற்கும் ஆக்சஸ் பாயிண்டின் ஆர்ஜே45 முனையை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பொன் பூசிய ஊசிகளின் ஓரத்தில் பச்சை படிந்திருந்தால் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. விளக்கு எரியும், இணைப்பு உள்ளதாகவே சுவிட்ச் காட்டும், ஆனால் பாக்கெட்டுகள் பாதி வழியில் விழுந்துவிடும். கைபேசியில் தெரிவது அதே முகவரி பெறப்படுகிறது என்ற செய்திதான்.

பிரித்தறிய எளிய வழி: கோளாறுள்ள இடத்தில் மடிக்கணினியை இணைத்து, பூலுக்கு வெளியே உள்ள ஒரு முகவரியைக் கையால் கொடுத்து, கேட்வேக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) விடுங்கள். பிங் ஒழுங்காகப் போனால் குற்றவாளி டிஎச்சிபி. போகாவிட்டாலோ இடையிடையே விழுந்தாலோ கேபிளையோ விலானையோ பாருங்கள். விண்டோஸ் கணினியில் 169.254 எனத் தொடங்கும் முகவரி தெரிந்தால், எந்தச் சர்வரிடமிருந்தும் பதில் வராமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். சர்வர் ஏன் பதில் சொல்லவில்லை என்பதை அது சொல்லாது.

டெஸ்க்டாப்பையே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தால், மதர்போர்டிலுள்ள பொத்தான் பேட்டரியை முதலில் மாற்றுங்கள். மின்வெட்டுக்குப் பின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய் எழுந்தால், எந்த லீஸ் எப்போது முடிகிறது என்ற கணக்கு குழம்பிவிடும்.


சேதுக்கரையான்

அனைவருக்கும் நன்றி. விடுதி உரிமையாளரிடம் பேசிச் சிறிய ரவுட்டர் ஒன்றை வாங்கி மோடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். விருந்தினருக்கு ஒரே வைஃபை பெயர், /23 வலை, 2 மணி நேர லீஸ். கடைகளுக்குத் தனி விலான். கேமராக்களுக்கும் பிரிண்டருக்கும் முகவரிகளை ரவுட்டரிலேயே ஒதுக்கியாயிற்று. ஸ்னூப்பிங் இயக்குவதற்கு முன் டெபியன் கணினியிலிருந்து சோதித்தபோது ஆஃபர் ஒன்றுதான் வந்தது. இந்த வார இறுதியில் அறைகள் அனைத்தும் நிரம்பியிருந்தும் பட்டியலில் பாதிக்கு மேல் போகவில்லை.

இரண்டு சந்தேகங்கள் மீதமுள்ளன. டெஸ்க்டாப்பில் டிஎன்எஸ்மாஸ்க் நிறுவி, ரவுட்டர் நின்றால் உதவட்டும் என்று அதே பூலோடு இரண்டாம் சர்வராக எப்போதும் ஓடவிடலாமா? அடுத்து, இரண்டு மூன்று கைபேசிகளில் மட்டும் பழைய 192.168.1 முகவரி நெடுநேரம் இருந்தது, அது ஏன்?


பதில்: கீழக்கரை வலையகம்

இரண்டாம் சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தக் கைபேசிகள் மோடத்திடம் பெற்ற 24 மணி நேர லீஸை இன்னும் கையில் வைத்திருந்தன. அது காலாவதியாகும் வரை பழைய முகவரியையே கேட்டுக்கொண்டிருக்கும். அத்தாரிட்டேட்டிவ் அமைப்பு இயங்கும் சர்வர் அத்தகைய கோரிக்கையைக் கண்டதும் என்ஏகே அனுப்பி மறுத்துவிடுவதால், கைபேசி உடனே புதிதாகக் கேட்கத் தொடங்கும். உங்கள் ரவுட்டரில் அந்த அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வலையை மாற்றுவதற்கு முதல் நாளே பழைய சர்வரின் லீஸ் காலத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்து வைப்பது இதைத் தவிர்க்கும் வழி. பூட்டிய மோடத்தில் உங்களால் அது முடிந்திருக்காது.

முதல் கேள்விக்கு, கூடாது என்பதே பதில். ஒரே பூலை இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் பங்கிட்டால், ஒரே முகவரியை இருவருக்குக் கொடுக்கும் பழைய மோதலை நீங்களே வரவழைத்ததாகிவிடும். பட்டியலைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு கீயாவில் உண்டு. அது உங்கள் அளவுக்கு மிகை. இரண்டும் ஓடியே ஆக வேண்டும் என்றால் பூலை வெட்டி, ரவுட்டருக்கு 10.40.0.10 முதல் 10.40.1.150 வரையும், டெஸ்க்டாப்புக்கு 10.40.1.151 முதல் 10.40.1.250 வரையும் கொடுங்கள். டெஸ்க்டாப்பில் கேட்வேயாக ரவுட்டரின் முகவரியை 3ஆம் ஆப்ஷனில் எழுத மறவாதீர்கள், இரண்டில் எதிலும் அத்தாரிட்டேட்டிவ் அமைப்பு இருக்கக் கூடாது, ஸ்னூப்பிங்கில் டெஸ்க்டாப்பின் போர்ட்டையும் நம்பத்தக்கதாகக் குறிக்க வேண்டும். ஆனால் உங்கள் விடுதியில் ரவுட்டர் நின்றால் கேட்வேயும் சேர்ந்தே நின்றுவிடும் என்பதால், முகவரி மட்டும் கிடைத்து ஒரு பயனும் இல்லை. அந்தச் செலவுக்கு அதே மாதிரி ரவுட்டர் இன்னொன்றை வாங்கி, இப்போதுள்ள அமைப்பை அப்படியே ஏற்றி, காற்றுப் புகாத உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள்.